டென்ட் மலிவா? நாஞ்சில் நாட்டு ராத்திரிகளின் கணக்கு

இன்னைக்குத் தலைப்பு நீங்க கேட்டதுதான். "கன்னியாகுமரி பக்கம் சீசன்ல ரூம் வாடகை கட்டுப்படியாகல. ஒரு டென்ட் வாங்கிக்கிட்டா செலவு பாதியாகுமா?" இதே கேள்வி வேற வேற வார்த்தையில நிறைய பேர்கிட்ட இருந்து வருது. இது வரலாறு பேசுற இடமாச்சேன்னு யோசிச்சேன். யோசிச்சுப் பார்த்தா இதுக்குப் பதில் வரலாற்றுலதான் இருக்கு.

முதல்ல எக்செல் ஷீட்டைத் திறந்துடலாம், இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது. ரெண்டு பேர் படுக்குற டென்ட் 4,000 ரூபாய்னு வச்சுக்குவோம். ஸ்லீப்பிங் பேக் ரெண்டும் சேர்த்து 3,000. கீழ விரிக்கிற மேட் 1,000. சின்ன ஸ்டவ், டார்ச், மத்த சில்லறை எல்லாம் 2,000. மொத்தம் 10,000. ஐடி வேலையில இருக்குற நமக்கு வருஷத்துல ரெண்டு ராத்திரி டென்ட்ல படுக்க லீவ் கிடைச்சா பெரிய விஷயம். மூணு வருஷத்துல ஆறு ராத்திரி. அப்போ ஒரு ராத்திரிக்கு ஏறக்குறைய 1,667 ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு சாதாரண லாட்ஜ்ல ஃபேனும் பாத்ரூமும் இருக்குற அறை கிடைக்கும். அதே டென்ட்ல 50 ராத்திரி படுத்தா கணக்கு 200 ரூபாய்க்கு இறங்கிடும். அதனால டென்ட் மலிவாங்கிறது டென்டோட விலையில இல்ல, உங்க லீவ் லிஸ்ட்ல இருக்கு.

இதோட எபிசோடை முடிச்சிருக்கலாம். ஆனா 'மலிவு'ங்கிற வார்த்தை என்னை விடல. வீட்டை விட்டு வெளியில ஒரு ராத்திரி தங்குறதுக்கு ஒரு செலவு உண்டு. கூரை, தண்ணி, சாப்பாடு, சுமை தூக்குறது, காவல். இதெல்லாம் நம்ம பில்லுல இல்லன்னா வேற யாரோ ஒருத்தர் கணக்குல ஏறியிருக்கும். நாஞ்சில் நாட்டுல இந்தக் கணக்கு எப்படி எழுதப்பட்டுச்சுன்னு பார்க்கலாம்.

நம்ம பேச்சுல கூடாரத்துக்கு இருக்குற வார்த்தைகளையே பாருங்க. 'டேரா போட்டுட்டான்'னு சொல்றோமே, அந்த டேரா வடக்கே இருந்து வந்த சொல். 'முகாம்' அரபியில இருந்து வந்தது. 'கேம்ப்' இங்கிலீஷ். அதுவும் தமிழ்நாட்டு அரசு ஆபீஸ்ல "அய்யா கேம்ப் போயிருக்காரு"ன்னு சொன்னா, மார்ஷ்மெல்லோ சுட்டுட்டு இருக்காருன்னு அர்த்தம் இல்ல. வேலை விஷயமா ஊர் ஊரா சுத்திட்டு இருக்காரு, படி வாங்குவாருன்னு அர்த்தம். ஆக நமக்கு கேம்ப் ரொம்ப காலம் படையோட வார்த்தை, சர்க்காரோட வார்த்தை. லீவுக்கு யாரும் கேம்ப் போகல.

1816ல இருந்து 1820 வரைக்கும் வார்டு, கானர்னு ரெண்டு லெப்டினன்ட்கள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் சர்வே பண்ணினாங்க. அப்போ நாஞ்சில் நாடு திருவிதாங்கூருக்குள்ள இருந்துச்சு. மலை, காடு, வயல், குளம்னு அளந்து குறிப்பெழுதி வச்சாங்க. அந்த மாதிரி வேலைக்குக் கூடாரம்தான் ஆபீஸ். ஆனா அன்னைக்குக் கூடாரம்னா முதுகுல மாட்டிக்கிட்டு நடக்குற சாமான் இல்ல. கனமான கித்தான் துணி, கம்பு, கயிறு, மேஜை, நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் மாட்டு வண்டியில, இல்லன்னா மனுஷன் தலையில போகணும். அதிகாரி கூடாரத்துல படுக்குறது அவருக்கு மலிவு. தூக்குறவனுக்கு?

திருவிதாங்கூர்ல இதுக்கு ஒரு பெயரே இருந்துச்சு: ஊழியம். கூலி இல்லாத கட்டாய வேலை. நாடார், பறையர், புலையர்னு கீழே வைக்கப்பட்ட சாதிகள் மேல அது விழுந்துச்சு. சர்க்கார் சுமை தூக்கணும், ஓலை கொண்டு வரணும், சொன்ன இடத்துக்கு வரணும். விருத்தின்னு இன்னொரு ஏற்பாடும் இருந்துச்சு. விருத்தி நிலம் வச்சிருக்கிறவங்க கோயிலுக்கும் ஊட்டுப்புரைக்கும், ராஜா சுற்றுப்பயணம் வந்தா அவரோட பரிவாரத்துக்கும் அரிசி, காய்கறி மாதிரி பொருள்களைக் குறைஞ்ச விலைக்குக் கொடுத்தாகணும். இன்னைக்கு நம்ம ஆளுங்க 'சப்ளை செயின்'னு சொல்றதை அன்னைக்குக் கட்டாயப்படுத்தி நடத்தியிருக்காங்க.

சரி, அதிகாரி இல்லாத சாதாரண ஜனங்க என்ன பண்ணினாங்க? அவங்களும் பயணம் போனாங்க. சுசீந்திரம் தேர், குமரி முனையில கடல் நீராட்டு, கோட்டாறு சந்தை. ஆனா யாரும் டென்ட் தூக்கிட்டுப் போகல. ஏன்னா கூரை முன்கூட்டியே வழியில நின்னுச்சு.

நாகர்கோவில்ல இருந்து ஆரல்வாய்மொழி பக்கம் போறப்போ ரோட்டோரத்துல கல்மண்டபம் பார்த்திருப்பீங்க. நாலு பக்கமும் திறந்த கல் தூண், மேல பலகைக் கல். கதவு இல்ல, பூட்டு இல்ல, பக்கத்துல பெரும்பாலும் ஒரு குளமோ கிணறோ இருக்கும். இப்ப அதுல ஆடு படுத்திருக்கும், இல்லன்னா அரசியல் போஸ்டர் ஒட்டியிருக்கும். அதுதான் அன்னைக்கு நடந்து போறவனோட லாட்ஜ். அதோட சுமைதாங்கி. ரெண்டு கல் நட்டு, அதுமேல தோள் உயரத்துக்கு ஒரு கல்லைக் கிடத்தியிருப்பாங்க. தலைச்சுமையோட வர்றவர் யாரோட உதவியும் இல்லாம சுமையை இறக்கி வச்சு, மறுபடி தானே ஏத்திக்கலாம். தனியா நடக்குற ஒரு மனுஷனை மனசுல வச்சு இவ்வளவு யோசிச்சு செஞ்ச சாமான் வேற எதுவும் எனக்குத் தெரியல. கர்ப்பத்துல இறந்துபோன பெண்களோட நினைவா அதை நட்டாங்கங்கிறது தெரிஞ்ச பிறகு, அதுமேல உக்காந்து செல்ஃபி எடுக்க எனக்கு மனசு வரல.

பெரிய அளவுல இதைச் செஞ்சவங்களும் உண்டு. 1689ல இருந்து 1706 வரைக்கும் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் கட்டினதுக்காகவே பெயர் வாங்கினவங்க. கன்னியாகுமரிக்கு வர்ற பழைய பாதையை மங்கம்மாள் சாலைன்னு சொல்றாங்க. மேற்குப் பக்கம் திருவிதாங்கூர் ராஜாக்கள் ஊட்டுப்புரை நடத்தினாங்க. ஊட்டுப்புரைன்னா இலவசமா சாப்பாடு போடுற இடம். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனா அந்த நீளமான கூடத்துல நின்னு பாருங்க, ஒரே நேரத்துல ஆயிரம் பேர் உக்காந்து சாப்பிடலாம். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா ராத்திரி தங்க மண்டபம், சாப்பிட ஊட்டுப்புரை, செலவு சைபர்.

யாருக்கு சைபர்? இந்த எபிசோடுல நான் பேச வந்ததே இதைத்தான்.

ஊட்டுப்புரை சாப்பாடு முக்கியமா பிராமணர்களுக்கு. செலவு சர்க்கார் கஜானாவோடது. கஜானாவுக்குப் பணம் வந்தது வரி கட்டின எல்லார்கிட்ட இருந்தும். லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871ல திருவிதாங்கூர் பத்தி எழுதின புத்தகத்துக்கு 'தி லேண்ட் ஆஃப் சாரிட்டி'ன்னு பெயர் வச்சாரு. தர்ம பூமின்னு சொல்லலாம். அந்தத் தலைப்புல ஒரு குத்தல் இருக்கு. அவர் மிஷனரி, அவருக்கு ஒரு சார்பு இருந்துச்சு, அதை மறக்க வேண்டாம். ஆனா பந்தியில யார் உக்காந்தாங்க, யார் வாசலுக்கே வர முடியலைங்கிறது அவரோட கற்பனை இல்ல. பந்தியை விடுங்க, பாதையே எல்லாருக்கும் திறந்திருக்கல. சுசீந்திரம் கோயிலைச் சுத்தி இருக்குற தெருவுல எல்லாரும் நடக்கணும்னு கேட்டு 1926ல சத்தியாகிரகம் பண்ண வேண்டியிருந்துச்சு. கோட்டாறு டாக்டர் எம்.ஈ. நாயுடு அதை முன்ன நின்னு நடத்தினாரு. கோயிலுக்குள்ள போற உரிமை 1936 நவம்பர் 12ஆம் தேதி பிரகடனத்துலதான் வந்துச்சு. தெருவுல நடக்கவே தடை இருந்த ஒருத்தருக்கு அந்தக் கோயில் மண்டபத்துல யார் பாய் விரிச்சுக் கொடுத்திருப்பாங்க? அவர் மரத்தடியில படுத்தார். அதுதான் நிஜமான கேம்பிங். அதை யாரும் அட்வென்ச்சர்னு சொல்லல.

இந்த இடத்துல அய்யா வைகுண்டர் கதை முக்கியம். 1809ல பிறந்தவர், 1851ல மறைஞ்சார். ஊழியத்தையும் வரிகளையும் எதிர்த்துப் பேசினதுக்காகத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புல சிறை வைக்கப்பட்டவர். திரும்பி வந்த பிறகு அவரோட மக்கள் கூட்டமா கன்னியாகுமரி பக்கம் கடலோரத்துல, வாகைப்பதியில போய்த் தங்கினாங்க. துவையல் தவசுன்னு பெயர். எழுநூறு குடும்பம்னு அய்யாவழி மரபு சொல்லுது. துணி துவைச்சு, கடல்ல குளிச்சு, ஒரு வேளை சாப்பிட்டு மாசக்கணக்கா இருந்தாங்க. சாமித்தோப்புல முத்திரிக்கிணறு இருக்கு. எல்லா சாதிக்காரங்களும் ஒரே கிணத்துல தண்ணி எடுத்து, சேர்ந்து உக்காந்து சாப்பிட்டாங்க. நாஞ்சில் நாட்டுல கடற்கரைக் கேம்ப்னு யாராவது கேட்டா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது இதுதான். சர்க்கார் கஜானாவுல இருந்து ஒரு பிடி அரிசி வரல, யார்கிட்டயும் ஊழியம் வாங்கல. செலவு முழுக்க அவங்களோடது.

இப்ப கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம், ஏன்னா நம்ம ஆன்லைன்ல பார்க்குற டென்ட் அங்க இருந்துதான் வந்துச்சு. தாமஸ் ஹைரம் ஹோல்டிங்னு ஒருத்தர் லண்டன்ல தையல்காரர். 1901ல சைக்கிள்ல கேம்ப் போறவங்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பிச்சார், 1908ல ஒரு கையேடு எழுதினார். பட்டுத் துணியில எடை குறைஞ்ச கூடாரம் தைச்சு சைக்கிள்ல கட்டிக்கிட்டுப் போனார். எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, டென்டை மலிவாக்கினது ராஜாவோ ராணுவமோ இல்ல, ஒரு தையல்காரரோட கத்திரிக்கோல். சுமையை நாமே தூக்கலாம்னு ஆனதும் தூக்குறதுக்கு இன்னொரு ஆளே வேண்டாம்னு ஆச்சு. அதே காலத்துல ஜெர்மனியில ரிச்சர்ட் ஷிர்மான்னு ஒரு வாத்தியார் வேற வழி பிடிச்சார். 1909ல பசங்களைக் கூட்டிட்டு நடைபயணம் போனப்போ மழையில மாட்டிக்கிட்டு ஒரு பள்ளிக்கூடத்துல வைக்கோல் விரிச்சுப் படுத்தாங்க. லீவுல சும்மா கிடக்குற பள்ளிக்கூடத்தையே தங்குற இடமாக்கினா என்னன்னு அவருக்குத் தோணுச்சு. 1912ல ஆல்டெனா கோட்டையில யூத் ஹாஸ்டல் வந்துச்சு. நம்ம சத்திரத்துக்குத் தூரத்துச் சொந்தக்காரன்.

கன்னியாகுமரிக்கு இந்த ரெண்டாவது வழிதான் பொருந்துதுன்னு நான் நினைக்கிறேன். காரணம் மழை. இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன்ல ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் உங்க மலிவு டென்டுக்குப் பரீட்சைதான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்துக்கு முப்பந்தல்ல காத்தாடிப் பண்ணையே போட்டிருக்காங்க, உங்க பெக் எவ்வளவு நேரம் தாங்கும்? இன்னொரு காரணம் சட்டம். மாவட்டத்துல டென்ட் போட ஆசை வர்ற மலைப் பக்கம் பெரும்பாலும் வனத்துறை கையில இருக்கு. அனுமதி இல்லாம உள்ள போய்ப் படுத்தா வழக்கு. 2018 மார்ச்ல குரங்கணித் தீயில மலையேறப் போனவங்க செத்ததுக்குப் பிறகு இந்த விஷயத்துல விளையாட இடமே இல்ல. கடற்கரைன்னா அது மீனவர் ஊர். நீங்க டென்ட் போடுற மணல் அவங்க வலை உலர்த்துற இடம், வள்ளம் ஏத்துற இடம். கேட்காமப் போட்டா அந்த மலிவும் அவங்க கணக்குலதான் ஏறும்.

அப்போ கையில காசு கம்மியா இருக்கிறவங்க எங்க தங்குறது? 1892 டிசம்பர்ல விவேகானந்தர் இங்க வந்தப்போ சல்லிக்காசு இல்லாத பரிவ்ராஜகர். இன்னைக்கு அவர் பெயர்ல 1972ல ஆரம்பிச்ச விவேகானந்த கேந்திரத்துல, விவேகானந்தபுரம் வளாகத்துல, அறையும் உண்டு, பலர் சேர்ந்து படுக்குற டார்மிட்டரியும் உண்டு. முன்கூட்டியே கேட்டுட்டு வாங்க. எக்செல்ல அதைப் போட்டுப் பார்த்தா, ஆறு ராத்திரி ஆளுக்கு டென்ட் தோத்துடும்.

இன்னொண்ணு இருக்கு, மக்கா. அது லாட்ஜும் இல்ல, டென்டும் இல்ல. சிவாலய ஓட்டம். மகாசிவராத்திரிக்கு முதல் நாள் முஞ்சிறை திருமலையில கிளம்பி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனைன்னு போய், திருநட்டாலத்துல முடிப்பாங்க. பன்னிரண்டு சிவன் கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல. காவி வேட்டி, கையில பனையோலை விசிறி, வாயில "கோபாலா, கோவிந்தா". சிவன் கோயிலுக்கு ஓடுறவங்க ஏன் கோவிந்தனைக் கூப்பிடுறாங்கங்கிறதுக்கு பீமனும் புருஷாமிருகமும் வர்ற ஒரு கதை உண்டு, அதைத் தனி எபிசோடா வச்சுக்கலாம். இப்ப பைக்ல, வேன்ல போறவங்களும் நிறைய. ஆனா நடக்குறவங்க கூட்டம் குறையல.

அந்த ராத்திரி ரோட்டைப் பாருங்க. வீட்டு வாசல்ல பெஞ்சு போட்டு, அண்டாவுல பானகம் கலந்து வச்சிருப்பாங்க. மோர், சுக்கு வெந்நீர், கஞ்சி. நீங்க யாரு, எந்த ஊருன்னு கேட்காம டம்ளரை நீட்டுவாங்க. காசு வாங்க மாட்டாங்க. இந்தச் செலவும் சைபர் இல்ல, அது அந்த வீட்டுக்காரங்களோடது. ஆனா கூலி இல்லாத ஊழியமா யாரும் அதைத் தூக்கல. அவங்களா தூக்கினது.

அடுத்த சிவராத்திரிக்கு வர்றதா இருந்தா டென்ட் எடுத்துட்டு வராதீங்க. ஒரு வேட்டி, ஒரு துண்டு, கால்ல எரிச்சல் எடுத்தா தடவ கொஞ்சம் தேங்காய் எண்ணெய். பானகம் குடிச்சுட்டு டம்ளரைக் கழுவிக் கவுத்து வச்சுட்டுப் போங்க, பின்னாடி வர்றவங்களுக்கு வேணும்.