கொழும்பின் மேல் விழுந்த குண்டுகள்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை மணி வாக்கில் ஏறத்தாழ 125 ஜப்பானிய விமானங்கள் கொழும்பு வானில் திரண்டன. அவற்றுக்குத் தலைமை தாங்கி வந்தவர் மிட்சுவோ ஃபுசிடா. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய விமானங்களையும் அவர்தான் வழிநடத்தினார்.

தூத்துக்குடிக்கு இது தூர தேசத்துச் செய்தி அல்ல. கொழும்பு அங்கிருந்து சுமார் 280 கிலோமீட்டர்தான். கொழும்பில் கடை வைத்தவர்கள், துறைமுகத்தில் கூலிக்குப் போனவர்கள், தோணியில் சரக்கேற்றிச் சென்றவர்கள் என முத்துக் குளித்துறைக் குடும்பங்கள் பலவற்றுக்கு அக்கரையில் சொந்தபந்தம் இருந்தது.

முந்தைய நாளே எச்சரிக்கை கிடைத்திருந்தது. இலங்கையின் தென்கரையில் உள்ள கொக்கலையிலிருந்து கட்டலினா கடல் விமானத்தில் ரோந்து போன கனடிய விமானி லியோனார்ட் பர்ச்சால், ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படையைக் கண்டுவிட்டார். அதில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன. அவர் வானொலியில் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தபோதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பியவர் போர் முடியும்வரை கைதியாக இருந்தார். அவர் அனுப்பிய தகவலால்தான் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பல கடலுக்குள் விலகிப் போக முடிந்தது. அந்த ஒரு செய்தி காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

ஆனாலும் இரத்மலானை விமானத் தளத்தில் பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர் விமானங்கள் தரையிலிருந்து கிளம்பும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். கொழும்பின் குதிரைப் பந்தயத் திடலை ஓடுதளமாக்கி வைத்திருந்தது மட்டும் ஜப்பானியருக்குத் தெரியவில்லை. அங்கிருந்து எழும்பிய விமானங்கள் எதிர்த்துப் போராடின. துறைமுகத்தில் டெனிடோஸ், ஹெக்டர் என்ற கப்பல்கள் மூழ்கின.

அன்று பிற்பகல் நடந்தது இன்னும் கொடுமை. இலங்கைக்குத் தென்மேற்கே டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் விமானப் பாதுகாப்பு இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. குண்டுவீச்சு விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்து இரண்டையும் சற்று நேரத்தில் மூழ்கடித்தன. இறந்தவர்கள் 424 பேர். நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டது. அங்கிருந்து முன்னரே வெளியேறியிருந்த ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் 307 பேருடன் மூழ்கியது. ஹெர்மிஸ் ஒரு விமானந்தாங்கிக் கப்பல். அன்று அதில் ஒரு போர் விமானம்கூட இல்லை.

நகுமோவுடன் தரையிறங்கும் படை எதுவும் வரவில்லை. பிறகு எதற்காக இவ்வளவு பெரிய தாக்குதல்? விடை பர்மாவில் இருக்கிறது. மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானியர் வசமானது, 23-ல் அந்தமான். பர்மாவுக்குள் முன்னேறும் படைக்கு ஆளும் தளவாடமும் கடல்வழியே போக வேண்டும். அந்த வழியை மறிக்கக்கூடியது இலங்கையை ஒட்டி நின்ற பிரிட்டிஷ் கப்பற்படை ஒன்றுதான். ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் அதன் பெரும்பகுதி கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் பின்வாங்கியது. பர்மா படையெடுப்புக்கு வேண்டிய பாதுகாப்பை இலங்கை வானில் பறந்த விமானங்கள் தேடிக் கொடுத்தன.

வங்காள விரிகுடாவில் அட்மிரல் ஒசாவாவின் இன்னொரு பிரிவு இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் மக்கள் மூட்டை முடிச்சுடன் ஊரைக் காலி செய்தார்கள். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின.

தூத்துக்குடியில் குண்டு விழவில்லை. ஆழமில்லாத பழைய துறைமுகம் அது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரமிட, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கும். போர்க்கப்பல் தளமும் பெரிய எண்ணெய்க் கிடங்குகளும் இருந்த கொழும்பையும் திருகோணமலையையும் போல இங்கே குறிவைக்க எதுவும் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் வேறு வழியில் அடி விழுந்தது. பர்மா அரிசி வருவது நின்றுபோனது. அந்த அரிசியை உண்டு வந்த இலங்கையும் தமிழகக் கரையோரமும் ஒருசேரத் தவித்தன. கடைகளில் பங்கீடு வந்தது. ரங்கூன் மீண்டும் பிரிட்டிஷார் கைக்கு வர 1945 மே மாதம் ஆயிற்று.