கறப்பது யார்?

மாட்டுச் சந்தையில் கறவை மாட்டுக்கு விலை பேசும்போது முதலில் எழும் கேள்வி, "வேளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும்?" என்பதுதான். விற்பவரும் தயங்காமல், "அஞ்சு லிட்டர் கறக்கும்" என்கிறார். கேட்கிற யாருக்கும் இதில் பிழை தெரிவதில்லை. ஆனால், கறப்பது மனிதரின் கைவேலை என்றால், 'கறக்கும்' என்ற வினைக்கு மாடு எழுவாயானது எப்படி? கறத்தல் என்றால் மடியிலிருந்து பாலைப் பிரித்தெடுத்தல் என்று நாம் பொருள் கொள்கிறோம். அது பாதிப் பொருள்தான் என்பது என் முடிவு. கறத்தல் என்பது மாடும் மனிதரும் சேர்ந்து செய்யும் ஒரே வினையின் பெயர். எடுத்தல் என்ற பொருள் அதில் ஒரு பக்கம் மட்டுமே.

பால் என்று பெயர் பெற்ற மற்றப் பொருள்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். தேங்காய்ப்பாலைப் பிழிகிறோம், ஆனால் "இந்தத் தேங்காய் ஒரு டம்ளர் பிழியும்" என்று யாரும் சொல்வதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுகிறார்கள். வெட்டுபவர் தொழிலாளி, மரம் வெட்டுவதில்லை. பிழிதலுக்கும் வெட்டுதலுக்கும் கருத்தா ஒருவரே. கறத்தலில் மட்டும் பாலை எடுப்பவரும் கறக்கிறார், தருகிற உயிரும் கறக்கிறது. கொங்குப் பகுதியில் பால் பீச்சுதல் என்பார்கள். தெலுங்கில் நம் 'பிதுக்கு' என்பதற்கு உறவான 'பிதுகு' என்ற சொல் வழங்குகிறது. இரண்டும் கையின் அழுத்தத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். 'கற' அப்படிப் பிறந்ததாகத் தெரியவில்லை. மலையாளத்தில் 'கறக்குக' என்றும் கன்னடத்தில் 'கரெ' என்றும் இதே வேர் வாழ்கிறது. கன்னடத்தில் மழை பொழிவதை 'மளெகரெ' என்பார்கள். மேகத்தின் மடியை யாரும் பிடித்து இழுப்பதில்லை. அது தானே பொழிகிறது. ஆகவே, ஊற்று தன்னிலிருந்து பொழிதல் என்ற பொருளும் இந்த வேருக்கு உரியதே.

'கறவை' என்ற பெயரும் இதற்குத் துணை நிற்கிறது. பறப்பது பறவை என்றால், கறப்பது கறவை. இதை ஒருவர் மறுக்கலாம்: கோக்கப்பட்டது கோவை, அதுபோலக் கறக்கப்படுவதுதான் கறவை என்று ஏன் கொள்ளக் கூடாது? மலையாளத்தில் 'கறவ' என்பது கறக்கும் செயலையே குறிக்கிறதே? நியாயமான மறுப்பு. 'வை' என்ற ஈறு ஒன்றைக்கொண்டே முடிவு சொல்ல முடியாது. ஆனால் கோவை எதையும் கோப்பதில்லை. கறவையோ அன்றாடப் பேச்சில் கறக்கிறது. ஈறு விட்ட ஐயத்தை வழக்கு தீர்த்து வைக்கிறது.

சொல் இப்படி அமைந்ததற்குக் காரணம் தொழுவத்தில் இருக்கிறது. கன்றை அவிழ்த்து விட்டதும் அது மடியை முட்டி ஊட்டுகிறது. சற்று நேரத்தில் காம்புகள் விம்மிவிடும். கன்றை விலக்கித் தாயின் முகத்துக்கு நேரே கட்டுகிறார்கள். தாய் அதை நக்கிக்கொண்டிருக்க, கறப்பவர் குந்தி அமர்ந்து முழங்கால்களுக்கு நடுவே செம்பை இடுக்கிக்கொள்கிறார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் காம்பின் மேற்பகுதியை வளைத்து அடைக்க, மற்ற விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகுகின்றன. கையின் வேலை அவ்வளவே. மடியில் இருக்கும் பாலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலுள்ள அறையில் தயாராக நிற்கும். மிச்சம் நுண்ணறைகளில் தங்கியிருக்கும். கன்றின் தீண்டலாலோ மடி கழுவும் கையாலோ மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் சுரந்தால்தான் அந்தப் பால் இறங்கும்; அதுவும் சில நிமிடங்களே நீடிக்கும். மாடு மிரண்டால் அது நின்றுபோகும். "பாலை எக்கிக்கிச்சு" என்று மாடு வளர்ப்போர் சொல்வது இதைத்தான். கன்றை நினைத்த மாத்திரத்தில் எருமைக்குப் பால் வழிவதைத் திருப்பாவையின் பன்னிரண்டாம் பாட்டு காட்டுகிறது. சுரத்தல் இல்லாமல் கறத்தல் இல்லை என்பதைத் தமிழர் ஆய்வுக்கூடம் வருவதற்கு முன்பே அறிந்திருந்தனர்.

"காசு கறக்கிறான்" என்று சொல்கிறோமே, அது பறித்தல்தானே என்று கேட்கலாம். அந்த வழக்கு என் கருத்துக்கு வலுவே சேர்க்கிறது. கத்தியைக் காட்டி வாங்கினால் பிடுங்கினான், பறித்தான் என்போம், கறந்தான் என்பதில்லை. நைசாகப் பேசி, கொடுப்பவர் தாமே எடுத்துக் கொடுக்கும்படி செய்தால்தான் "கறந்துட்டான்" என்கிறோம். வயிற்றிலிருக்கும் ரகசியத்தைக் கறப்பதும் இதே முறையில்தான். ஏமாற்று என்ற பொருள் ஏறிய பிறகும், கொடுப்பவரின் மனம் இளக வேண்டும் என்ற பழைய நிபந்தனை சொல்லை விட்டுப் போகவில்லை.

இன்றைய பண்ணைக்கு இது பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பு மாடுகள் பலவும் கன்று இல்லாமலே பால் தருகின்றன. கறவை இயந்திரமும் வந்துவிட்டது. ஆனால் இயந்திரத்தைப் பொருத்தும் முன்பும் மடியைக் கழுவித் துடைத்து, முதல் பீச்சுகளைக் கையால் எடுத்து, பால் இறங்கக் காத்திருக்கத்தான் வேண்டும். கன்றின் இடத்தை வேறு தூண்டல் பிடித்திருக்கிறது. மாட்டின் பங்கு போய்விடவில்லை. இந்தப் பங்கை மோசம் செய்வதும் புதிதன்று. இறந்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துக் காட்டிப் பால் எடுப்பதைப் பழைய தமிழ் அறநூலே தகாதது என விலக்கியிருக்கிறது. அந்த வஞ்சனைக்குக்கூட மாட்டின் மனம் தேவைப்பட்டது. மருத்துவ அவசியம் இல்லாமல் ஆக்சிடோசின் ஊசி போட்டுப் பாலை இறக்குபவர் அந்த மனத்தையும் ஒதுக்கிவிடுகிறார். பால் பெருக்குவதற்காகக் கறவை விலங்கின் நலத்தைக் கெடுக்கும் ஊசி முதலியவற்றை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 12ஆம் பிரிவில் குற்றமாக்கியிருக்கிறது.

சட்டம் தடுப்பதைக் கறத்தல் என்ற சொல்லும் சேர்ந்தே தடுக்கிறது என்பேன். மாடு இசைந்து இறக்கியதை மனிதர் வாங்கினால் அது கறத்தல். இசைவைக் கேட்காமல் மருந்தால் இறக்கியதை அந்தப் பெயரால் அழைப்பது பிழை. தமிழில் அதற்குப் பிடுங்குதல் என்ற சொல் இருக்கிறது. "எத்தனை லிட்டர் கறக்கும்?" என்று கேட்கிறவர், கறப்பது மாடு என்பதை அந்தக் கேள்வியிலேயே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டதற்கு ஏற்ற கொட்டகையும், பதற்றமில்லாத வேளையும், கன்றுக்கு உரிய பாலும் தருவது அவர் கடமை.