கறையானுக்குச் சாதி உண்டா?

ஐப்பசி மழை ஓய்ந்த அந்தியில், குடவாசல் வயல்வெளிகளில் புற்றுக்கண் திறந்து ஈசல் புறப்படுவதைக் காணாதவர் இலர். அவற்றுள் பெரும்பாலானவை பறவைக்கும் பல்லிக்கும் இரையாகும். தப்பிய இணை சிறகுதிர்த்து, மண்ணுள் புகுந்து புதுக்குடி அமைக்கும்.

இவ்வுயிரினத்தை ஆராய்ந்து எழுதிய முன்னோடிகளுள் ஒருவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸின் மாணவரான இவர், 1768இல் நம் தஞ்சைத் தரணியின் கடற்கரை ஊரான தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். 1774இல் ஆற்காட்டு நவாப் முகம்மதலி வாலாஜா இவரைத் தம் இயற்கைநூல் அறிஞராக அமர்த்திக்கொண்டார். தஞ்சை நாடும் நவாபின் வசமிருந்த காலம் அது. கறையானைப் பற்றி இவர் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரை 1779இல் வெளிவந்தது. ஆப்பிரிக்கக் கறையானைப் பற்றிய ஸ்மீத்மனின் புகழ்பெற்ற கட்டுரை வந்ததோ 1781இல்தான்.

அரசன், அரசி, பாட்டாளி, படைவீரன் என்னும் இக்குடியின் பிரிவுகளுக்குப் பின்வந்த அறிஞர்கள் 'சாதி' என்றே பெயரிட்டனர். போர்த்துகீசியர் நம் நாட்டு மக்கட்பிரிவுகளைக் குறிக்க வழங்கிய சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பெயர் பொருந்துமா? புற்றிலுள்ளோர் அனைவரும் ஒரு தாய் தந்தையின் மக்கள். குஞ்சு எதுவாக வளரும் என்பதைப் பெரும்பாலும் ஊட்டமும் குடிக்குள் பரவும் மணங்களுமே முடிவு செய்கின்றன. வீரன் தானே உண்ண இயலாதவன். பாட்டாளியே அவனுக்கு ஊட்ட வேண்டும். வாய்க்கு வாய் உணவு மாறும் அவ்வீட்டில் தீண்டாமை ஏது?

மக்காவில் குறைஷியர் ஒரு சாசனம் எழுதினர். ஹாஷிம் கிளையாருடன் கொள்வினை இல்லை, கொடுப்பினை இல்லை, வணிகம் இல்லை என்பது அதன் சாரம். அதைக் கஅபாவினுள் தொங்கவிட்டனர். ஏறத்தாழ மூன்றாண்டுகள் பெருமானார் (ஸல்) அவர்களும் உறவினரும் கணவாயில் பசித்திருந்தனர். இறுதியில் அச்சாசனத்தை எடுத்துப் பார்த்தபோது, அல்லாஹ்வின் திருநாமம் நீங்கலாக மற்ற அனைத்தையும் கறையான் தின்றிருந்தது என்று சீறா நூலோர் எழுதுவர்.

மனிதர் அனைவரும் ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து வந்தோர் என்றும், கிளைகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்றும் திருமறை கூறுகிறது. அதை நாள்தோறும் ஓதும் நாமோ, நிக்காஹ் பேச்சு எழுந்தவுடன் "எந்த வகையறா?" என்று கேட்கிறோம். ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதவரை வாசலில் நிறுத்திக் குலம் வினவுகிறோம்.

அந்தச் சாசனத்தைக் கறையான் அரித்துவிட்டது. நாம் நெஞ்சுக்குள் எழுதி வைத்திருக்கும் சாசனத்தை நாமேதான் அழிக்க வேண்டும்.