கடம்பூர் மாளிகைக் கொலை: பதின்பருவத்தினரின் மர்மக் கதை

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954) எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்படும் இடம் கடம்பூர் மாளிகை. மாளிகை கற்பனை, ஊர் உண்மை. கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குத் தென்மேற்கே உள்ள காட்டுமன்னார்கோயிலை அடுத்து மேலக்கடம்பூர் இன்றும் இருக்கிறது. கதை தொடங்கும் வீரநாராயண ஏரி, முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட வீராணம். 1950 அக்டோபரில் ‘கல்கி’ வார இதழில் தொடங்கி 1954 வரை தொடராக வந்த இந்நாவலைச் சரித்திர நாவல் என்று வகைப்படுத்துவதே வழக்கம். அந்த வகைப்பாடு அதன் பாதியைத்தான் சொல்கிறது. பதின்பருவத்து வாசகரின் நெஞ்சைப் பிடித்து நிறுத்தும் இருண்ட மர்மக் கதைக்குத் தமிழில் வலுவான எடுத்துக்காட்டு கடம்பூர்ப் பகுதியே. அதன் வலு இரத்தத்திலோ பயமுறுத்தலிலோ இல்லை; குற்றவாளி யார் என்பதை வாசகர் கையிலேயே விட்டுவிடும் துணிவில் இருக்கிறது.

இத்துணிவுக்கு அடிப்படை ஒரு கல்வெட்டு. காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் சாசனம், கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோரைக் குறிக்கிறது. அவர்கள் உறவினரின் உடைமைகளும் பறிமுதலுக்கு உள்ளாயின. கொன்றவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்பது இல்லை. வரலாற்றாசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, பின்னர் அரியணை ஏறிய உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார்; பின்வந்த ஆய்வாளர் பலர் அதை மறுத்தனர். வரலாறு விட்டுவைத்த இந்த இடைவெளியில்தான் கல்கி பழிவாங்கத் துடிக்கும் நந்தினியையும், பாண்டிய மன்னனைக் காக்கச் சபதமேற்ற மெய்க்காவலர்களான ஆபத்துதவிகளையும் கொண்டுவந்து வைத்தார்.

அவர் கதையைக் கட்டும் முறையைக் கவனிக்க வேண்டும். ஆடிப்பெருக்கன்று ஏரிக்கரையில் குதிரையில் வரும் கதாநாயகன் வந்தியத்தேவன் அன்றிரவே கடம்பூரில் தங்குகிறான். உபசரித்த பெரியவர்களே நள்ளிரவில் கூடி அரசுரிமையை மாற்றத் திட்டமிடுவதை மறைந்திருந்து பார்க்கிறான். பெரியவர்கள் மரியாதையாகப் பேசிக்கொண்டே வேறொன்றைச் செய்கிறார்கள் என்று முதன்முதலாகக் கண்டுகொள்ளும் வயதுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைப்பது அரிது. அடுத்து வருவன எல்லாம் இருட்டின் பொருள்களே: திருப்புறம்பயம் பள்ளிப்படையில் நடக்கும் சதிக்கூட்டம், மீன் பொறித்த வாள், சுரங்க வழி, அடைக்கலம் கேட்டு மன்றாடிய நந்தினியின் கண்ணெதிரே பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலையைக் கரிகாலன் வெட்டிய நினைவு. கரிகாலனை அலைக்கழிப்பது பேயல்ல, தான் செய்த செயல். அதனால்தான் அவன் சாவு பகைவன் கையால் வந்த வெறும் விபத்தாகத் தோன்றுவதில்லை.

கொலை நடக்கும் கணத்தில் அறை இருளில் மூழ்குகிறது. பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது; அவனைக் காக்க, கடம்பூர்ச் சிற்றரசரின் மகள் மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள்; பின்னர் நந்தினியை மணந்த முதிய சிற்றரசர் பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தம்மேல் ஏற்கிறார். ஒரு கொலைக்கு இத்தனை பேர் பொறுப்பேற்க, ஒவ்வொருவருக்கும் தனிக் காரணம் இருக்கும்போது, சாட்சியங்களை எடைபோடும் வேலை படிப்பவருடையதாகிறது. பழுவேட்டரையர் வாக்குமூலத்தோடு மர்மம் தீர்ந்துவிட்டது என்பாரும் உண்டு. ஆனால் குற்றவுணர்வில் வெந்துகொண்டிருக்கும் முதியவர் பிறரைக் காக்கும் பொருட்டுச் சொல்லும் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியை நாவலே எழுப்பிவிடுகிறது. இன்றுவரை வாசகர்கள் இதைப் பற்றி வாதாடுவது அதனால்தான்.

இது இளையோருக்காக எழுதப்பட்டதே இல்லை என்பது முதல் மறுப்பு. உண்மைதான், வீட்டில் எல்லோரும் படித்த வார இதழில் வந்தது. அமெரிக்காவில் இளையோர் நாவலைத் தனிவகையாக நிலைநிறுத்தியதாகச் சொல்லப்படும் எஸ். இ. ஹிண்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல்தான் வெளிவந்தது. பதிப்பகத்தார் வைக்கும் தனி அலமாரி பிறகு வந்தது. அந்த வயதின் பசி முன்பே இருந்தது. இருட்டு பிள்ளைகளுக்கு ஆகாது என்ற கவலையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கல்கி வைணவ ஒற்றன் ஆழ்வார்க்கடியானின் சண்டைகளையும் வந்தியத்தேவனின் குறும்பையும் நடுநடுவே வைத்து அந்தச் சுமையைத் தாங்கத்தக்கதாக்கினார்; கொலையை மட்டும் மென்மையாக்கவில்லை.  புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ சிறுகதையும் அச்சத்தை விளக்காமல் விடுகிறது, ஆனால் அது குடும்பத்தலைவனின் கலக்கம், அதைச் சுவைக்க இன்னும் சில ஆண்டுகள் ஆக வேண்டும்.

வலுவான மறுப்பு வேறொன்று. சாசனம் குறிக்கும் பிரமாதிராசர் என்பது அரசு உயர் அலுவலர் பெற்ற பட்டம். கல்கி அந்த இரவிதாசனை மந்திரவாதியாக்கி, சதியைத் தோற்ற நாட்டின் எஞ்சியவர்களிடம் தள்ளிவிட்டார். குற்றம் அரண்மனைக்கு உள்ளேயே முளைத்திருக்கலாம் என்ற சங்கடம் இதனால் குறைகிறது. இக்குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அதே நாவலில் சிற்றரசர் கூட்டமும் தனியே சதி செய்கிறது. நந்தினிக்கு வழிவிட்டது அவர்களுடைய பேராசையே. கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையானபின் பல பதிப்பகங்கள் இந்நாவலை மலிவாக அச்சிடுகின்றன. 2022, 2023இல் மணிரத்னத்தின் படங்களும் வந்தன. படம் பார்த்துவிட்டு நூலுக்கு வரும் பதினான்கு வயது வாசகரிடம் உடையார்குடிச் சாசனத்தின் செய்தியையும் சேர்த்துக் கொடுப்பது பள்ளி நூலகங்கள் செய்யத்தக்கது. கல்கி எங்கே கல்லைப் பின்பற்றினார், எங்கே விலகினார் என்று அவர்களே கண்டுபிடிக்க முடியும்.