தேயிலையில் காஃபீன் அளவிடல்

விற்பனைக்கு வரும் தேயிலைத்தூளிலும் வடித்த தேநீரிலும் எவ்வளவு காஃபீன் உள்ளது என்று கண்டறியும் வேதிப் பகுப்பாய்வு இது. உலர்ந்த தூளில் பெரும்பாலும் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு காஃபீன் இருக்கும். மொட்டிலும் கொழுந்திலையிலும் மிகுதி. முற்றிய இலையிலும் தண்டிலும் குறைவு.

காஃபீனை முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ரூங்கே. கவிஞர் கோத்தே கொடுத்த காப்பிக்கொட்டைகளைக் கொண்டு 1819இல் அதைச் செய்தார். 1827இல் ஊத்ரி என்பவர் தேயிலையில் கண்ட பொருளுக்குத் ‘தேயீன்’ என்று பெயர் வைத்தார். அதுவும் காஃபீனும் ஒன்றே என்பது 1838இல் முல்டர், யோப்ஸ்ட் ஆகியோரின் ஆய்வுகளால் நிலைபெற்றது. டீயின் ஊக்கப்பொருள் வேறு என்று இன்றும் சொல்வது தவறு. 1895இல் எமில் ஃபிஷர் காஃபீனைச் செயற்கையாகவே உருவாக்கினார்.

பழைய அளவீட்டு முறை பொறுமையைக் கேட்பது. தூளை மக்னீசியம் ஆக்சைடுடன் நீரில் கொதிக்கவைத்தால் துவர்ப்புப் பொருள்கள் பிணைந்து ஒதுங்கும். வடிநீரிலிருந்து குளோரோஃபார்மால் காஃபீனைப் பிரித்து, குளோரோஃபார்மை ஆவியாக்கியபின் எஞ்சியதில் உள்ள நைட்ரஜனைக் கெல்டால் முறையில் அளப்பர். காஃபீன் எடையில் நைட்ரஜன் நூற்றுக்கு 28.85 பங்கு, ஆகவே கிடைத்த நைட்ரஜனை 3.466ஆல் பெருக்கினால் விடை. பிற நைட்ரஜன் பொருள் சிறிது கலந்தாலும் கணக்கு ஏறிவிடும். இக்குறையை உயர்திறன் நீர்ம நிறப்பகுப்பு நீக்கியது. குழாய்க்குள் காஃபீன் மட்டும் தனியே பிரிந்து வர, ஏறத்தாழ 273 நானோமீட்டர் புற ஊதா ஒளியை அது உறிஞ்சும் அளவு, தூய காஃபீனுடன் ஒப்பிடப்படுகிறது. ஐஎஸ்ஓ 10727 (2002) இம்முறைக்கான பன்னாட்டுத் தரம். தமிழ்நாட்டில் தேயிலை ஆய்வுக்கு முதன்மையானது தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசி வால்பாறையில் நடத்தும் தேயிலை ஆராய்ச்சி நிலையம்.

தூளின் அளவும் கிளாசின் அளவும் ஒன்றல்ல. சுவைச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 3103 முறையில் 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிடம். நூற்றுக்கு 3 பங்கு காஃபீனுள்ள தூளானால் முழுதும் இறங்கினாலும் 60 மி.கி. தான். டீக்கடையில் நிலை வேறு: சென்னை அம்பத்தூர், கள்ளிக்குப்பம் பக்கத்துக் கடைகளில் டஸ்ட் தூளின் டிகாஷன் வெகுநேரம் சூட்டிலேயே கிடக்கும். அத்தகைய பொடித்தூளில் காஃபீன் விரைவாக இறங்கும். பால் சேர்ந்த டீயைச் சோதிக்கும்போது முதலில் புரதத்தைப் படியவைத்து அகற்ற வேண்டும். நிறத்தைக் கொண்டு காஃபீனை மதிப்பிடவே கூடாது: காஃபீன் நிறமற்றது, சிவப்பைத் தருபவை தியாஃபிளேவின்களும் தியாருபிஜின்களும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 உணவு வழிகாட்டி, 150 மி.லி. தேநீரில் 30 முதல் 65 மி.கி. காஃபீன் இருப்பதாகக் கொண்டு, நாளொன்றுக்கு 300 மி.கி.யை மேல் வரம்பாக வைக்கிறது.