பெரிலியத்தின் வழக்கு



உப்பு என்றதும் நம் மனத்திலே தோன்றுவது அடுக்களையிலுள்ள சோற்றுப்பு. சோடியம் என்னும் உலோகமும் குளோரீன் என்னும் வாயுவும் கூடி உண்டான அப்பொருள் 801 பாகை செல்சியசிலேதான் உருகும். உருகிய நிலையில் மின்னோட்டத்தை நன்கு கடத்தும். உலோகங்களின் குளோரைட்டுகள் யாவும் இத்தகையனவே என்று முடிவு செய்வோமாயின், அலுமினியம், பெரிலியம் ஆகிய இலேசான உலோகங்கள் இரண்டும் நம்மை ஏமாற்றிவிடும். அலுமினியம் குளோரைட்டைச் சூடாக்கினால் அது உருகாமலே 180 பாகையளவில் ஆவியாகிவிடுகின்றது. பெரிலியம் குளோரைட்டோ 400 பாகையை அண்டி உருகுகின்றது. உருகியும் மின்னை மிக அரிதாகவே கடத்துகின்றது. இவ்விசித்திர இயல்பு பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நெடுநாள் நீடித்த ஒரு வழக்கைத் தீர்த்துவைத்தது.

மரகதமும் பெரில் என்னும் கல்லும் பளிங்கு வடிவில் ஒத்திருத்தலைக் கண்ட ஆயூய் என்னும் பிரெஞ்சு அறிஞர், அவற்றைப் பகுத்து ஆராயுமாறு வோக்கெலின் என்பாரை வேண்டினார். 1798இல் வோக்கெலின் அக்கற்களிலே அதுவரை எவரும் அறியாத ஓர் ஒட்சைட்டைக் கண்டார். அதன் உப்புகள் நாவிற்கு இனித்தமையால் இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். பெரிலியச் சேர்வைகள் கொடிய நஞ்சு என்பதை அறிந்த நாம் அச்சோதனையை எண்ணி நடுங்கவே வேண்டும். நம் இரத்தினபுரியிலே எடுக்கப்படும் வைடூரியமும் பெரிலியம், அலுமினியம் இரண்டும் ஒட்சிசனோடு கூடிய கல்லே. உலோகத்தைத் தனியே பிரித்தவர்கள் செருமனியிலே வோலரும் பிரான்சிலே புசியும் ஆவர். 1828இல் இருவரும் தனித்தனியே பெரிலியம் குளோரைட்டைப் பொற்றாசியத்தோடு சூடாக்கி அதனைப் பெற்றனர்.

வழக்கு எழுந்தது அணுநிறை பற்றி. எட்டுப் பங்கு நிறையுள்ள ஒட்சிசனோடு ஏறத்தாழ நாலரைப் பங்கு பெரிலியம் கூடும் என்பது தராசு காட்டிய உண்மை. அதன் வலுவளவு இரண்டாயின் அணுநிறை 9 ஆகும். மூன்றாயின் 14ஐ அண்டும். பெரிலிய ஒட்சைட்டு அலுமினிய ஒட்சைட்டைப் போலவே அமிலத்திலும் காரத்திலும் கரைவது. ஆதலால் இரண்டும் ஓரினமே, வலுவளவு மூன்றே, என்றார் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் பேர்சீலியசு.

1869இல் மெண்டலீவ் தம் ஆவர்த்தன அட்டவணையை வகுத்தபோது இது பெருஞ்சிக்கலாயிற்று. காபனுக்கு 12, நைதரசனுக்கு 14. இவற்றினிடையே வேறொரு மூலகத்துக்கு இடமில்லை. மெண்டலீவ் தயங்காமல் பெரிலியத்துக்கு 9.4 என்னும் நிறையைக் கொடுத்து மகனீசியத்தின் குடும்பத்திலே வைத்தார். அட்டவணைக்கேற்ப மூலகத்தை வளைப்பதோ என்று கேட்பவர்க்கு இது நல்ல வாய்ப்பு! சுவீடன் நாட்டு நில்சனும் பெற்றர்சனும் பெரிலியத்தின் தன்வெப்பத்தை அளந்தனர்; அது 0.4 அளவிலிருந்தது. தன்வெப்பத்தையும் அணுநிறையையும் பெருக்கினால் ஆறினை ஒட்டிய எண் வரவேண்டும் என்பது அக்கால விதி. 14ஐக் கொண்டால் விதிக்கு அண்மையில் வந்தது. 9ஐக் கொண்டால் மிகக் குறைந்தது. மெண்டலீவ் முன்னறிந்து கூறிய மூலகமொன்றை, இசுக்காந்தியம் என்பதை, 1879இல் கண்டுபிடித்தவர் இதே நில்சன்தான். ஆயினும் பெரிலியத்திலே அவர் மெண்டலீவுக்கு எதிர்க்கட்சியாகவே நின்றார்.

ஒரு பொருளை ஆவியாக்கி அதன் அடர்த்தியை அளந்தால் மூலக்கூற்றின் நிறை தெரிந்துவிடும். சோற்றுப்பை ஆவியாக்க 1400 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். பெரிலியம் குளோரைட்டோ அத்தகைய பிடிவாதம் உடையதன்று. 1884இல் நில்சனும் பெற்றர்சனும் அதன் ஆவியை உயர்ந்த வெப்பநிலையில் அளந்தனர். வலுவளவு மூன்றாயின் அது ஐதரசனைப் போல் அறுபது மடங்கு அடர்த்தி உடையதாயிருத்தல் வேண்டும்; கண்டதோ நாற்பது மடங்கே. மூலக்கூற்று நிறை 80; இரண்டு குளோரீனுக்கு 71 போக எஞ்சியது 9. தம் கட்சி தோற்றதை அவர்களே எழுதி வெளியிட்டனர். பெரிலியத்தின் தன்வெப்பம் சாதாரண வெப்பநிலையிலே குறைவாயிருந்து, சூடேற ஏற உயர்கின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

ஆனால் அக்குளோரைட்டு எளிதில் ஆவியாவது ஏன்? அதற்கு விடைகூற இலத்திரன் கொள்கை பிறக்கவேண்டியிருந்தது. 1916இல் கொசல் என்பார் அணுக்கள் இலத்திரனைக் கொடுத்தும் வாங்கியும் அயன்களாகிப் பிணைகின்றன என்றார். அதே ஆண்டில் அமெரிக்கரான லூயிசு, இரு அணுக்கள் ஒரு சோடி இலத்திரனைப் பங்கிட்டும் பிணையலாம் என்றார். எவ்வுலோகம் எவ்வழியை நாடும் என்பதற்கு 1923இல் விதி வகுத்தவர் பயான்சு. நேரேற்றம் மிகுந்து, உருவிற் சிறுத்த அயன், அருகிலுள்ள பெரிய மறை அயனின் இலத்திரன் முகிலைத் தன்பால் இழுத்து உருக்குலைக்கும். இழுப்பு மிகுந்தால் அம்முகில் இருவருக்கும் பொதுச்சொத்தாகிவிடும். பெரிலியம் இரண்டு இலத்திரன்களை இழந்தால் எஞ்சும் அயனின் ஆரை, சோடிய அயனின் ஆரையிற் பாதிக்கும் குறைவு. குளோரைட்டு அயனோ அதனைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிது. இத்தகைய இழுப்பின் முன் குளோரீன் இலத்திரனைத் தனக்கே உரியதாக வைத்திருத்தல் இயலாது. மறை அயனும் சிறியதாயின் கதை மாறும். அலுமினியம் புளோரைட்டு ஆவியாக 1200 பாகைக்கு மேல் வேண்டும்.

அலுமினிய அயன் பெரிலிய அயனிலும் சற்றுப் பெரிது. ஆனால் அதன் ஏற்றம் மூன்று. ஆகவே இரண்டின் இழுப்பும் ஏறக்குறைய ஒத்துவிடுகின்றது. பேர்சீலியசை மயக்கிய ஒற்றுமை இதுவே. வழக்கைத் தோற்றுவித்த காரணமும் தீர்த்த காரணமும் ஒன்றாய் அமைந்தமை இரசாயன வரலாற்றிலே அருமை என்றே எனக்குத் தோன்றுகின்றது. தொழிற்சாலைக்காரருக்கு அவ்விழுப்பு இன்னும் தொல்லைதான்: பெரிலியம் குளோரைட்டை மின்பகுத்து உலோகம் பெற வேண்டுமாயின், மின்னோட்டம் செல்லும் பொருட்டு அதனுடன் சோற்றுப்பைக் கலந்தே உருக்குதல் வேண்டும்.