முள்வேலிக்கு யார் பணம்? அவசரகாலப் பாதுகாப்புச் செலவும் பேராக் தோட்டத் தமிழரும்

மலாயாவின் அவசரகாலம் (1948–1960) பெரும்பாலும் படை நடவடிக்கைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காவலர்க்கும் வேலிக்குமான பணம் எங்கிருந்து வந்தது, அச்செலவால் எவர் எதைப் பெற்றனர் என்னும் வினாக்கள் தமிழில் மிகுதியாக எழுப்பப்படவில்லை. ஈப்போவை அடுத்த குனோங் ராபாட் புதுக்கிராமத்தையும் பேராக் ரப்பர்த் தோட்டங்களையும் அருகருகே வைத்து அவற்றை இங்கு நோக்குவோம்.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் கொல்லப்பட்டனர். இரு நாளில் கூட்டரசு முழுமைக்கும் அவசரகாலம் விரிவாக்கப்பட்டது. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்னும் துணைக் காவலர் பல்லாயிரவர் அரசுச் சம்பளத்தில் சேர்க்கப்பட்டனர். பிரிட்டிஷ் படைகளின் செலவைப் பிரிட்டன் ஏற்றது. ஆயினும் காவல்துறை, மீள்குடியேற்றம் ஆகியவற்றின் சுமை பெரிதும் கூட்டரசின் கருவூலத்தின்மீதே விழுந்தது.

அச்சுமையைத் தாங்க உதவியது ரப்பர். 1949இல் இறாத்தலுக்குச் சராசரி 40 காசுக்கும் குறைவாயிருந்த அதன் விலை, கொரியப் போரின் விளைவாக 1951இல் 170 காசை நெருங்கியது. ஏற்றுமதி வரி வருவாயும் பன்மடங்காயிற்று. பிரிக்ஸ் திட்டம் நடைமுறைக்கு வந்த வேளையில் இவ்வருவாய் வாய்த்திராவிடில் அத்திட்டம் தடுமாறியிருக்கும் என்பதை ரிச்சர்ட் ஸ்டப்ஸ் போன்ற ஆய்வாளர் உணர்த்தியுள்ளனர். இக்கருத்து நமக்கும் ஏற்புடையதே. ஆயின் அந்த ரப்பரைச் சீவியவருள் தமிழர் பலர் என்பதையும் உடன் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.

இனி, அப்பணம் சென்ற வழியைக் காண்போம். கெர்னியல் சிங் சந்து தரும் கணக்கின்படி ஏறத்தாழ 480 புதுக்கிராமங்களில் 573,000 பேர் குடியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் சீனர். குனோங் ராபாட்டும் அவ்வாறு உருவான கிந்தாப் புதுக்கிராமங்களுள் ஒன்று. கட்டாயத்தால் நிகழ்ந்த குடியேற்றம் அது. அதன் துன்பங்களைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் அரசு அங்கு நிலம் ஒதுக்கியது. பள்ளியும் சாலையும் குடிநீரும் படிப்படியாக வந்தன. முதலில் தற்காலிக உரிமத்திலிருந்த மனைகள் பலவற்றுக்குப் பின்னர்க் குத்தகை உரிமை கிடைத்தது. 1949இல் தோன்றிய மலாயாச் சீனர் சங்கம் லாட்டரிச் சீட்டு நடத்தித் திரட்டிய நிதியும் புதுக்கிராம மக்களுக்குத் துணைநின்றது. 1952இல் ஈயச் சுரங்கங்களைக் காக்கக் கிந்தாப் பள்ளத்தாக்கு ஊர்க்காவல் படை எழுந்ததும் சீனச் சுரங்க முதலாளிகளின் முன்முயற்சியாலேயே.

தோட்டத் தமிழரின் நிலை வேறு. அதே சந்து, ஏறத்தாழ 650,000 பேர் தம் பணியிடங்களிலேயே ஒருங்கு சேர்க்கப்பட்டதாகக் கணக்கிடுகின்றார். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டங்களில் வாழ்ந்தோர். சிதறிக்கிடந்த லயங்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டன. சுற்றிலும் முள்வேலி எழுந்தது. காலையில் வாயிற்சோதனை, வேலிக்கு வெளியே சோறு கொண்டுசெல்லத் தடை. விடியுமுன் தொடங்க வேண்டிய பால்வெட்டு ஊரடங்கால் தாமதமாக, வெயில் ஏற ஏறப் பால் குறைந்த கதையைத் தோட்டத்து முதியோர் சொல்ல நாம் கேட்டிருக்கின்றோம். இங்குச் செலவின் பெரும்பகுதியை நிர்வாகங்களே ஏற்றன. அது தாராளமாகத் தோன்றலாம், விளைவோ நேர்மாறு. நிலமும் வீடும் நிர்வாகத்தின் உடைமையாகவே நீடித்தன. வேலை போனால் வீடும் போகும் என்னும் பழைய விதியை எந்தப் பாதுகாப்பு ஒதுக்கீடும் தொடவில்லை.

வேலி நீங்கியபின் இவ்வேறுபாடு வெளிப்பட்டது. குனோங் ராபாட் ஊராக நிலைத்து, ஈப்போவின் புறநகராக வளர்ந்தது. லயங்களில் இருந்தோரோ 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலின்போது காலங்காலமாய் வாழ்ந்த இடத்தைவிட்டுப் பெயர நேர்ந்தது. நம் வரலாற்றாசிரியர் துண்டாடலைத் தனியொரு துயரமாகவே எழுதுவர். அதன் வேர் அவசரகால ஏற்பாட்டிலும் கிடக்கின்றது என்பதே நம் கருத்து.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிவுற்றது. அவ்வாண்டிலேயே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். துண்டாடப்படவிருந்த தோட்டங்களை வாங்க அச்சங்கம் திரட்டியது தொழிலாளர் தம் கூலியிலிருந்து தவணைதோறும் செலுத்திய பங்குப் பணத்தை.